அவரவர் பெயரை அவரவரே சொல்லுங்கள்

போன மாதம் நீங்கள் வேலை செய்கிற பக்கம் வந்தேன் அல்லவா, அப்போது ஒரு தம்பி இரண்டு கையிலும் இரண்டு செல்போனை வைத்துக்கொண்டு தட்டிக்கொண்டிருந்தான். என்னப்பா இது என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சி கம்பியாண்ட இருந்து வெலகிட்டோம்னு அவனவன் போன்ல அவனவன் தட்டணும் ஐயா. இவன் போனை எங்கிட்ட குட்த்துட்டு எங்கியோ போய்ட்டான். அதான் அவனுக்கும் சேத்து நானே தட்டிட்டேன்."

சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அங்கேயே சொல்லியிருக்கலாம். நாலு பேர் முன்னால் ஒரு பிள்ளையைக் கூசவைக்க மனம் வரவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் சோறு இறங்காது போலிருக்கிறது. அதனால் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நீங்கள் இப்போது இழுக்கிற கம்பி, கொஞ்ச தூரம் மேல்கம்பியிலும் கொஞ்ச தூரம் பேட்டரியிலும் ஓடப்போகிற சின்ன ரயில் வண்டிகளுக்கு என்று சொன்னீர்கள். "பாதி தூரத்துக்குக் கம்பியே கிடையாது ஐயா, பாதி ஆபத்து கொறைஞ்சிச்சி" என்று ஒருவர் சொன்னார். சந்தோஷம். ஆனால் பாதிக் கம்பி போட்ட தடம் எனக்குப் புதிதில்லை. நான் ஓர் ஆளை இழந்ததே அப்படிப்பட்ட ஒரு தடத்தில்தான்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள் அவை. கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. பெரிய லைனில் கம்பி எப்போதோ வந்துவிட்டது. யார்டிலிருந்து ஆலைப் பக்கம் பிரிந்து போகிற கிளைத் தடத்துக்கு மட்டும் கிடையாது. சரக்கு வண்டி வந்தால் கரண்டு இன்ஜினைக் கழற்றிவிட்டு, டீசல் இன்ஜின் எப்போது வரும் என்று காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் கிளைக்குக் கம்பி இழுக்கும் வேலையை எங்கள் ஒப்பந்தக் கம்பெனி எடுத்திருந்தது. ஆலைக் கதவுக்குக் கொஞ்சம் முன்னாலேயே கம்பி நின்றுவிடும். உள்ளே கிரேன் மேலிருந்து சரக்கைத் தூக்குவதால் அங்கே கம்பி ஆகாது. பேட்டரி இல்லாத காலம். கடைசித் துண்டுக்கு இன்ஜின் பின்னாலிருந்து வேகன்களைத் தள்ளிவிடும்.

நான் எட்டாவதோடு நின்றவன். மற்றதெல்லாம் கம்பத்தில் ஏறிக் கற்றதும், கூட இருந்தவர்கள் பேசக் கேட்டுக் கற்றதும்தான். மனிதர்கள் சொல்கிற வார்த்தை எனக்கு நெஞ்சில் ஒட்டிக்கொள்ளும். மீஞ்சூரில் எங்களுக்கு நாஷ்டா போட்ட அம்மா ஒருத்தர் சொல்வார்: "கம்பிக்காரனுங்க எல்லாம் மேலயே பாத்துகினு வர்றீங்க. சாமி கும்புட வர்றீங்கன்னு நெனச்சேன், சாணிய மிதிச்சிகினு இல்ல வர்றீங்க." அன்றைக்குச் சிரித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

எங்கள் கூட்டத்தில் மூன்று பேரை மட்டும் உங்களுக்குச் சொன்னால் போதும்.

முதலாவது, எங்கள் சூப்பர்வைசர். எளாவூர் செக்போஸ்ட்டுக்கு அந்தாண்டை, ஆந்திரப் பக்கத்து ஆள். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

இரண்டாவது, ஏகாம்பரம். கும்மிடிப்பூண்டிக்கு மேற்கே ஒரு கிராமம். சொந்தமாக நெல்வயல் உண்டு. காலையில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வேலைக்கு வருவான். எல்லாம் நிதானம். ஒரு நட்டை முறுக்கினால் முறுக்கிவிட்டு, இறங்கி வந்து கீழிருந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏறி இன்னொரு சுற்று முறுக்குவான். ஏதாவது கேட்டால் தொண்டையைக் கனைத்து, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம்தான் பதில் வரும். "க்கும்... கீறேன் நைனா."

மூன்றாவது, இஸ்மாயில். பழவேற்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம். கடையில் உட்காரப் பிடிக்காமல் கம்பியேற வந்தவன். வாய் ஓயாது. யார் குரலிலும் பேசுவான். நைனா மாதிரி தெலுங்கு கலந்து திட்டுவான், கம்பெனி குமாஸ்தா மாதிரி மூக்கால் பேசுவான். ஆனால் ஏகாம்பரத்தின் குரலில் பேசினால்தான் நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்போம். அந்தக் கனைப்பு, அந்த நிறுத்தம், எல்லாம் அப்படியே வரும். ஏகாம்பரமே சிரித்துவிடுவான். "டேய், நீயே என் ஊட்டுக்குப் போய் சோறு துன்னுட்டு வந்துருவ போலக்கீதே" என்பான்.

காலையில் குமாஸ்தா ஷெட்டுக்குள் உட்கார்ந்து பேர் கூப்பிடுவார். தலையைத் தூக்க மாட்டார். ஏகாம்பரம் வயலிலிருந்து வந்து சேர்ந்திருக்க மாட்டான். வெளியிலிருந்து இஸ்மாயில் அவன் குரலில் பதில் சொல்லிவிடுவான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் தப்பாக நினைத்ததில்லை. ஒருவன் லேட்டானால் இன்னொருவன் தாங்குவது, அவ்வளவுதான். நைனாவுக்கு மட்டும் தெரியாது. அவர் அந்த நேரத்தில் சாமான் ஏற்றப் போயிருப்பார்.

இனி வேலைக்கு வருவோம். புதுக் கம்பியைக் கரண்டு ஓடும் பழைய கம்பியோடு சேர்க்கிற இடத்தில் வேலை என்றால் பிளாக் வாங்குவோம். அதாவது, பேசிக்கொண்ட நேரத்துக்கு அந்தத் துண்டில் கரண்டை நிறுத்தித் தருவார்கள். வேலை நடக்கும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கம்பியில் எர்த் ராடு மாட்டுவோம். தப்பித்தவறி கரண்டு வந்தாலும் ஆள்மேல் பாயாமல் ராடு வழியாக மண்ணுக்குப் போய்விடும். வேலை முடிந்ததும் எல்லோரும் இறங்க வேண்டும். ராடைக் கழற்ற வேண்டும். கன்ட்ரோலுக்குப் போன் போட்டு ஆட்கள் விலகிவிட்டார்கள் என்று சொல்ல வேண்டும். அப்புறம் கரண்டு வரும்.

ராடைக் கழற்றுவதற்கு முன்னால் நைனா ஒரு வழக்கம் வைத்திருந்தார். எந்தச் சட்டத்திலும் இல்லாத வழக்கம். எல்லோரும் கீழே இறங்கி அவர் எதிரில் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவர் பேராகக் கூப்பிடுவார். அவன் வாயைத் திறந்து "கீறேன்" என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவன், "அதோ நிக்கிறானே நைனா" என்றால் விழும் ஒரு வசவு. "நீ சொன்னா நீ கீறேன்னு அர்த்தம். அவன் சொல்லட்டும்டா."

சம்பவம் நடந்த அன்றைக்குப் பகல் பிளாக். சேர்க்கிற இடம் யார்டின் ஓரத்தில். நாங்கள் பாதிப் பேர் இந்தப் பக்கம், நைனாவோடு, போன் பெட்டிக்குக் கிட்டே. மற்றவர்கள் அந்தப் பக்கம்; அதிலும் ஏகாம்பரமும் இஸ்மாயிலும் மட்டும் தள்ளி, கடைசிக் கம்பத்தில். நடுவில் ஒரு லைனில் இரும்புத் துண்டு ஏற்றிய வேகன்கள் வரிசையாக நின்றன. காலையில் கிளம்ப வேண்டியவை, கிளம்பவில்லை. அந்தக் கம்பத்தில் ஏணியின் மேல்முனைதான் எங்களுக்குத் தெரிந்தது; அதற்குக் கீழே நட்டு முறுக்குகிற ஆள் தெரியமாட்டான்.

வேலை இழுத்துவிட்டது. வானம் கடல் பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தது. போன் அடித்துக்கொண்டே இருந்தது. மத்தியான ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றிவந்த வண்டி பின்னால் நிற்கிறது, அதற்குப் பின்னால் இன்னொன்று நிற்கிறது, எப்போது விடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அது அவர்கள் வேலை. நைனா ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு "அஞ்சு நிமிசம் சார், அஞ்சு நிமிசம்" என்று சொல்லிச் சொல்லி, தொண்டை கட்டிப்போய் நின்றார்.

வேகன் வரிசையைச் சுற்றி வருவது என்றால் நல்ல தூரம் நடக்க வேண்டும். நைனா ஒரு நொடி அந்த வரிசையைப் பார்த்தார், போனைப் பார்த்தார். அப்புறம் வேகன்களுக்கு மேலாகக் குரல் கொடுத்தார்.

"எல்லாரும் எறங்கியாச்சாடா? பேர் கூப்புடறேன், அங்கியே நின்னு சொல்லுங்க!"

ஒவ்வொருவராகப் பதில் வந்தது. இஸ்மாயில், "கீறேன் நைனா!" என்றான்.

"ஏகாம்பரம்!"

பதில் இல்லை.

"ஏகாம்பரம்! இன்னாடா பேஜாரு பண்ற? வண்டி நிக்குதுடா!"

"க்கும்... கீறேன் நைனா!"

நானும் கேட்டேன். என் பக்கத்தில் நின்ற எல்லோரும் கேட்டோம். அது ஏகாம்பரத்தின் குரல்தான்.

நைனா கையைக் காட்டி, "ராடை எடுங்கடா!" என்று கத்தினார். இந்தப் பக்கத்து ராடை நான் கழற்றினேன். அந்தப் பக்கத்தை இஸ்மாயில் கழற்றிவிட்டுக் கத்தினான். நைனா போனில் சொன்னார்.

அப்புறம் நடந்ததை நான் விவரிக்கப் போவதில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற உங்களுக்கு அது தெரிய வேண்டிய அளவுக்குத் தெரியும். வேகன்களுக்கு அடியில் புகுந்து நாங்கள் அந்தப் பக்கம் போனபோது ஏகாம்பரம் ஜல்லியில் கிடந்தான். கைவிரலில் ஸ்பானர் மாட்டியபடியே இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், அத்திப்பட்டு தாண்டுவதற்குள் வேனிலேயே உயிர் போய்விட்டது. அவன் தலை என் மடியில் இருந்தது.

கம்பெனியில் விசாரணை வைத்தார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை. ஆளாளுக்குக் கேட்டார். நைனா நேரில் நிறுத்திப் பார்க்கவில்லை என்பதை மறைக்கவில்லை. "ஆனா அவனே சொன்னான் சார். என் காதால கேட்டேன்" என்றார். நாங்களும் அதையே சொன்னோம், கேட்டதைத்தானே சொல்ல முடியும்? ஆக, முடிவு இப்படிப் போயிற்று: இறங்கிவிட்டேன் என்று அவனே சொல்லிவிட்டு, யாருக்கும் தெரியாமல் மறுபடி ஏறியிருக்கிறான். சொந்த அஜாக்கிரதை. அப்படி எழுதிவிட்டால் அவன் பெண்சாதிக்கு நஷ்டஈடும் இல்லை, கம்பெனியில் வேலையும் இல்லை.

அவன் பெண்சாதி கன்னியம்மா முதல் நாள் விசாரணைக்கு வந்திருந்தாள். அழுது தீர்ந்த முகம். அதிகாரி மெதுவாகத்தான் விளக்கினார். அவள் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"எங்கூட்டுக்காரு வரப்புல நடக்கறப்பவே காலை வெச்சிப் பாத்துட்டுதான் அடுத்த காலை வெப்பாரு. எறங்காம எறங்கிட்டேன்னு சொல்ற ஆளு இல்ல சார். ஊர்ல எல்லாரும் இன்னா சொல்றாங்க தெரியுமா? தானா போய் செத்தான்னு சொல்றாங்க. பணம் குடுங்க, குடுக்காம போங்க. அந்த வார்த்தைய மட்டும் எழுதாதீங்க."

அதிகாரி குனிந்துகொண்டார். இன்னொரு நாள் உட்கார்ந்து முடித்துவிடலாம் என்று சொல்லி எழுந்தார்.

இஸ்மாயில் அன்றைக்கு வரவில்லை, காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் யாரிடமும் பேசவேயில்லை. அதிர்ச்சி என்று நினைத்தோம். அடுத்த விசாரணைக்கு முந்தின நாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். எளாவூரில் லாரிகள் நிற்கிற இடத்தில் ஒரு டீக்கடை. டீ வாங்கிக் கொடுத்தேன். ஆறிப்போகும்வரை கையிலேயே வைத்திருந்தான்.

"அண்ணே, அது அவன் இல்ல."

"எது?"

"சொன்னது. நான்தான் சொன்னேன்."

எனக்குப் புரியவில்லை. அவன் எங்கோ பார்த்துக்கொண்டே சொன்னான். "நான் ராடாண்ட போய்க்கினு இருந்தேன். திரும்பிப் பாத்தேன், ஸ்பானரைப் பையில போட்டுட்டு எறங்க ஏணியில காலை வெச்சிட்டான். எறங்கிட்டான்னு நெனச்சிகினேன். நைனா கத்தறாரு. இவன் எப்பவும் போல லேட்டா பதில் சொல்லுவான், திட்டு வாங்குவான். சரி, சொல்லி வெப்போம்னு... காலைல சொல்ற மாதிரியே வாய்ல வந்துடுச்சிண்ணே. நட்டு மேல அவனுக்கு டவுட் வந்திருக்கும். மறுபடி மேல போயிருக்கான். நான் திரும்பிப் பாக்கல. ராடை எடுத்துட்டேன்."

ஆறிய டீயைக் கீழே கொட்டிவிட்டு கிளாஸைப் பெஞ்சில் வைத்தான்.

"வாப்பா சொல்றாரு, வாயைத் தொறக்காத, துபாய்ல மாமா கடை கீது, விசாரணை முடிஞ்ச கையோட அனுப்பிடறேன்னு. விசயம் வெளிய தெரிஞ்சா ஜெயிலுண்ணே. நீ போய் சொல்லேன். நைனாவாண்ட நீ சொல்லு. உன் வாயால சொன்னா அவுரு கேப்பாரு."

தம்பிகளே, இந்த வேலையில் அவசரமாக முடிவெடுக்க வேண்டிய இடம் கம்பத்துக்கு மேலேதான் என்று நான் நினைத்திருந்தேன். இல்லை. டீக்கடை பெஞ்சிலும் வரும். அவனுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. எனக்கு அவனைப் பிடிக்கும். நான் சொல்கிறேன் என்று ஏற்றுக்கொண்டிருந்தால் அவன் துபாய்க்குப் போய்ச் சேர்ந்திருப்பான். நானும் அவனுக்கு உதவியவனாக இருந்திருப்பேன். ஒருவன் கஷ்டத்தை இன்னொருவன் தாங்குவது என்று நாங்கள் பழகிய பழக்கம்தானே அது.

"இல்ல இஸ்மாயிலு," என்றேன். "நான் சொல்லமாட்டேன். ஒருத்தனுக்கு ஒருத்தன் சொன்ன வரைக்கும் போதும். நீயே சொல்லு. உன் பக்கத்துல நான் நிக்கிறேன்."

"நான் சொல்லலன்னா?"

"தெரியலடா," என்றேன். அது உண்மைதான். அவன் சொல்லாமல் போயிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் வந்தான். தலையில் குல்லா, சலவைச் சட்டை, தொழுகைக்குப் போகிறவன் மாதிரி. ஷெட்டுக்குள் அதிகாரி, நைனா, நாங்கள் எல்லோரும். ஓரத்துப் பெஞ்சில் கன்னியம்மாவும் அவள் கொழுந்தனும். இஸ்மாயில் எழுந்து நின்று, எனக்குச் சொன்னதை அப்படியே சொன்னான்.

யாரும் நம்பவில்லை. அதிகாரி பேனாவை வைத்துவிட்டு, "தம்பி, நீ அவருக்கு ரொம்ப சிநேகிதன்னு சொன்னாங்க. அந்தம்மாவுக்கு வேலை கிடைக்கணும்னு பழியை உன் தலையில போட்டுக்கிறியா?" என்று கேட்டார். நைனா கோபமாகவே எழுந்துவிட்டார்.

"இன்னாடா பேசற நீ? அவன் குரல் எனக்குத் தெரியாதா? எத்தினி வருசமா கேக்கறேன். நீ சொல்லிட்டா நான் நம்பிடுவேனா?"

இஸ்மாயில் ஷெட்டை விட்டு வெளியே போனான். கதவைச் சாத்தினான். ஓடிவிட்டான் என்றுதான் நினைத்தோம். அதிகாரி ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கதவுக்கு வெளியே தொண்டையைக் கனைக்கும் சத்தம். ஒரு நிறுத்தம்.

"கீறேன் நைனா."

பெஞ்சில் இருந்த கன்னியம்மா எழுந்து நின்றுவிட்டாள். கதவை நோக்கி இரண்டடி நடந்தும் விட்டாள். கொழுந்தன் கையைப் பிடித்து உட்காரவைத்தான். நைனா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளிருந்து வந்த சத்தத்தை ஒரு ஆண்பிள்ளையிடமிருந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அதிகாரி, எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வேறு தாள் எடுத்தார்.

சொந்த அஜாக்கிரதை என்ற வார்த்தை போயிற்று. கன்னியம்மாவுக்கு நஷ்டஈடும் கம்பெனியின் சாமான் கிடங்கில் வேலையும் கிடைத்தன. ஆந்திராவுக்குத் திரும்பிப் போன நைனா அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் சூப்பர்வைசராக இருக்கவில்லை. வேகன் வரிசையைச் சுற்றி நடந்திருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். இஸ்மாயில் மேல் கேஸ் நடந்தது. வேலையும் போனது, துபாயும் போனது. முடிவில் பழவேற்காட்டுக் கடையிலேயே உட்கார்ந்தான். போனால் துணி எடுத்துப் போடுவான், சொந்தக் குரலில் விலை சொல்வான், அவ்வளவுதான். எங்களில் எவனும் கெட்டவன் இல்லை. இதில் எனக்கு ஆறாத இடமே அதுதான். திட்டுவதற்கு ஓர் ஆள் கிடைத்திருந்தால் துக்கம் கொஞ்சம் லேசாகியிருக்கும்.

அன்றைக்கு விசாரணை முடிந்த பிறகு நடந்ததை இதுவரை யாருக்கும் எழுதியதில்லை.

எல்லோரும் வெளியே வந்தோம். இஸ்மாயில் கேபிள் உருளைகள் அடுக்கியிருந்த இடத்தில் தனியாக நின்றான். கன்னியம்மா கொழுந்தனின் கையை விடுவித்துக்கொண்டு அவனை நோக்கி நேராகப் போனாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்து நானும் பின்னாலேயே போனேன். இஸ்மாயிலும் அப்படித்தான் நினைத்திருப்பான். கையைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றான்.

அவள் அடிக்கவில்லை. அவன் முகத்தைப் பார்க்காமல், அவன் தொண்டையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அவுராட்டம் வேற இன்னா இன்னா பேசுவ?"

அவன் குனிந்தபடியே சொன்னான். "வேலைல பேசறதுதாங்க்கா. ஏணி புடிடா, ஸ்பானர் குடுடா... அவ்ளோதான்."

"என்னைக் கூப்புடு."

"அக்கா?"

"அவுரு என்னைக் கூப்புடுற மாதிரி ஒரு தபா கூப்புடு."

இஸ்மாயில் நிமிர்ந்து பார்த்தான். கண்ணீர் தாடியில் இறங்கிக்கொண்டிருந்தது. முயற்சி செய்கிறவன் மாதிரி வாயைத் திறந்தான், மூடினான். அப்புறம் தலையை ஆட்டினான்.

"எனக்குத் தெரியாதுக்கா. ஊட்ல அவன் உன்னை எப்டி கூப்புடுவான்னு நான் கேட்டதே இல்ல."

அவள் முந்தானையை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள். அந்த முகத்தில் ஏமாற்றம் இல்லை. வீட்டுக்குள் ஒரு பொருள் பத்திரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்து, இருக்கிறது என்று தெரிந்துகொண்டவள் மாதிரி இருந்தாள்.

"ஆமா," என்றாள். "நீ கேட்டதில்ல. அது எங்கிட்டயே இருக்கட்டும்."

கொழுந்தன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவள் பின்னால் ஏறி உட்காரவில்லை. பக்கத்திலேயே நடந்து போனாள்.